பையில் மிஞ்சிய மருந்து

ரம்பாய் முகம் சுளிப்பதற்கென்றே பிறந்தவள் என்று அந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொல்வார்கள். சொல்கிறவர்களைப் பார்த்தும் அவள் முகம் சுளிப்பாள். இருபத்தெட்டு வருஷமாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். சீழ், சளி, மலம், அழுகிய கால் எதுவும் அவளை அசைத்ததில்லை. நோயாளியின் உடம்பிலிருந்து வருவது அசிங்கமே இல்லை, அது பாவம் தானாக வருகிறது என்பாள். நல்ல உடம்போடு நடமாடுகிறவன் செய்வதுதான் அசிங்கம். மூக்கைத் துடைத்த கையால் கதவுப்பிடியைத் தொடுகிறவன், கையுறை போட்டுக்கொண்டே ஃபோன் பேசுகிற டாக்டர், நோயாளியின் போர்வையில் கை துடைத்துக்கொள்கிற சொந்தக்காரன். இவர்களைப் பார்த்தால்தான் அவளுக்கு வயிற்றைப் புரட்டும்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மற்ற நர்ஸுகள் இடித்த பப்பாளிக்காயை ஒரே தட்டில் கொட்டி, ஆளுக்கொரு உருண்டை ஒட்டரிசிச் சோற்றைக் கிள்ளி அதிலேயே தோய்த்துத் தின்பார்கள். எட்டுக் கை ஒரு தட்டில். அந்தப் பக்கத்து வழக்கமே அதுதான், அம்மா வயிற்றிலிருந்து வரும்போதே கொண்டு வந்த வழக்கம். ரம்பாய் மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தன் பெயர் எழுதிய மூங்கில் கூடையிலிருந்து தனியாகச் சாப்பிடுவாள். புளித்த மீனைக்கூட அவள் மூன்று கொதி கொதிக்கவிட்டுத்தான் தொடுவாள். இத்தனைக்கும் அவள் அப்பா அதே புளித்த மீனை ஜாடி ஜாடியாகப் போட்டு விற்றவர்.

"நம்ம அக்கா விமானத்துல பொறந்தவங்க. கீழ இறங்கும்போது தவறி இந்த ஊர்ல விழுந்துட்டாங்க" என்பாள் கனித்தா. இருபத்தாறு வயது, நகத்தில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம்.

"விழுந்தவ கையைக் கழுவிட்டுத்தான்டி எழுந்தேன். நீ இன்னும் கழுவலை" என்பாள் ரம்பாய்.

அவள் கல்யாணம் பதினோரு மாதம் நீடித்தது. புருஷன் பள்ளிக்கூட வாத்தியார். அவள் முகம் துடைக்கும் துண்டில் அவன் கால் துடைத்தான் என்பதுதான் காரணம் என்று ஊரில் சிரித்தார்கள். அது உண்மையில்லை. துண்டு நான்காவது தடவை. முதல் மூன்று தடவையும் அவன் "பரவாயில்ல விடு" என்று சொன்னான், அதுதான் காரணம்.

பரவாயில்லை. இந்த ஒரு சொல்லைக் கேட்டால் ரம்பாய்க்கு உடம்பெல்லாம் கம்பளிப் பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கும். அந்த ஊரில் காலையில் கண் விழித்ததிலிருந்து இரவு கண் மூடும்வரை அதைத்தான் சொல்வார்கள். ஊசி கீழே விழுந்ததா, பரவாயில்லை. மருந்து அரைமணி தாமதமா, பரவாயில்லை. செத்தவன் வீட்டிலும் தோளைத் தட்டி அதையே சொல்வார்கள். இந்தச் சொல்லாலேயே ஒரு மாநிலமே அழிந்துகொண்டிருக்கிறது என்று அவள் நம்பினாள்.

நாற்று நடும் காலம் வந்தால் அந்த ஆஸ்பத்திரிக்கு மண் நோய் வரும். வயல் சேற்றில் இருக்கிற கிருமி. வெறுங்காலோடு இறங்குகிறவன் காலில் ஒரு கீறல் இருந்தால் போதும், அதுவும் அவனுக்குச் சர்க்கரை வியாதி இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ரத்தத்தில் ஏறி, நுரையீரலில் உட்கார்ந்து, ஈரலில் சீழ் கட்டி, நான்கு நாளில் ஆளை முடித்துவிடும். பூட்ஸ் போட்டு இறங்குங்கள் என்று ஆஸ்பத்திரிச் சுவரில் படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொள்ளும், வெறுங்கால்தான் சுகம், பரவாயில்லை என்று எல்லோரும் வெறுங்காலோடுதான் இறங்கினார்கள்.

அந்த ஆகஸ்ட் மாதத் திங்கட்கிழமை காலை கம்சிங் வந்தான். நாற்பத்து நாலு வயது, ரம்பாய் பிறந்த கிராமத்துக்காரன், பத்து வருஷச் சர்க்கரை வியாதி. மூச்சுக்குக் குழாய் போட்டாயிற்று. ரத்த அழுத்தம் விழுந்ததால் கழுத்து நரம்பில் ஒரு குழாய் போட்டு, அதன் இரண்டு வழியிலும் அழுத்த மருந்தும் மற்றதும் ஓடின. கிருமிக்கான மருந்துக்கு இடது புறங்கையில் தனியாக ஓர் ஊசி.

அந்த மருந்து விஷயத்தில்தான் டாக்டர் பவினி புதிதாக ஒன்றைக் கொண்டு வந்திருந்தாள். பாங்காக்கில் படித்துவிட்டு வந்து ஒரு வருஷமே ஆன பெண். எட்டு மணி நேரத்துக்கொரு தடவை, அரைமணிக்குள் ஊற்றிவிடும் மருந்தை, இனி இருபத்து நாலு மணி நேரமும் நிறுத்தாமல் பம்ப் வைத்துச் சொட்டச் சொட்ட விட வேண்டும் என்றாள்.

"அக்கா, எட்டு மணிக்கொரு தடவை ஊத்தினா என்ன ஆகுதுன்னா, ஊத்தினதும் ரத்தத்துல மருந்து உச்சிக்குப் போகுது. அடுத்த வேளை வர்றதுக்குள்ள தரைக்கு வந்துடுது. அந்த நேரத்துல கிருமி எழுந்து உட்காருது. இவரை மாதிரி ரொம்ப முடியாதவங்களுக்கு அந்த இடைவெளியே எமன். முதல்ல ஒரு முழு அளவு குடுத்துட்டு, அப்புறம் நிக்காம போய்க்கிட்டே இருந்தா அது தலையே தூக்க முடியாது."

"ஒட்டரிசி வேக வைக்கிற மாதிரி" என்றாள் ரம்பாய். "நடுவுல அடுப்பு அணைஞ்சா அப்புறம் எத்தனை விறகு வெச்சாலும் அரைவேக்காடுதான்."

"எனக்கு ஒட்டரிசி வேக வைக்கத் தெரியாதேக்கா."

"தெரிஞ்சுக்குங்க. கட்டிக்கப் போறவன் இந்த ஊர்க்காரனா இருந்தா மூணு வேளையும் அதான்."

பவினி சிரித்தாள். கணக்கை எழுதிக் கொடுத்தாள். வெயில் ஊர், மருந்து கெட்டுவிடும் என்பதால் பன்னிரண்டு மணி நேரத்துக்கொரு பை. காலை எட்டுக்கு ஒன்று, இரவு எட்டுக்கு ஒன்று. பைக்கு இருநூற்று நாற்பது மில்லி, மணிக்கு இருபது வீதம். எட்டு மணிக்குப் பை காலியாக வேண்டும். ரம்பாய்க்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப் போயிற்று. "பரவாயில்லை"க்கு இடமே இல்லாத வைத்தியம்.

அன்று சாயங்காலம் பார்வை நேரத்தில் ஊரே வந்து நின்றது. இரண்டிரண்டு பேராகத்தான் வர வேண்டும் என்ற விதியை ஊர்த்தலைவர் உதோம் கண்டுகொள்ளவேயில்லை. பன்னிரண்டு பேரோடு நுழைந்தார். ஒரு கையில் நூல்கண்டு, ஒரு கையில் ஃபோன். உடம்பைவிட்டுப் பயந்து ஓடிப்போன குவன் என்கிற உயிராவி திரும்பி வந்து உடம்பிலேயே குடியிருக்க வேண்டுமென்று, அந்தப் பக்கத்தில் நோயாளியின் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டுவார்கள். கட்டிய நூலை மூன்று நாள் அறுக்கக் கூடாது. அறுத்தால் குவனையே அறுத்த மாதிரி. இதில் நர்ஸுகளுக்கும் மாற்றுக் கருத்து இல்லை, ரம்பாய்க்கும் இல்லை. நூலில் அவளுக்குப் பகை கிடையாது. கட்டுகிற கையில்தான்.

"ஐயா, ஃபோனை வெளிய வெச்சுட்டு வாங்க."

"ஊரே பார்த்துக்கிட்டிருக்கும்மா. நேரலை. நீயும் கொஞ்சம் சிரி."

இருபது பாட் நோட்டு ஒன்றைச் சுருட்டி நூலில் முடிந்து, ஃபோன் சரியாகப் பார்க்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிட்டு, உதோம் அதைக் கம்சிங்கின் மணிக்கட்டில் கட்டினார். "வா குவனே வா, வீட்டுக்கு வா" என்று நீட்டி முழக்கினார். அந்த நோட்டு எத்தனை மீன் கடையையும் எத்தனை சாராயக் கடையையும் பார்த்துவிட்டு வந்ததோ. கையில் ஊசி ஏறிய இடத்திலிருந்து நாலு விரல் தள்ளி அது உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ரம்பாய் முகம் சுளித்தாள். அவர் கட்டி முடித்ததும் நோட்டை மட்டும் கத்தரித்து எடுத்து உதோமின் சட்டைப் பைக்குள்ளேயே திணித்தாள்.

ஒவ்வொருவராக அதே மணிக்கட்டில் ஆளுக்கு இரண்டு மூன்று கட்டினார்கள். முப்பது நூலாவது இருக்கும். கடைசியாகக் கம்சிங்கின் மனைவி நுவன் வந்தாள். காலையில் வயலிலிருந்து அப்படியே ஏறி வந்தவள், பாவாடை ஓரத்தில் சேறு காய்ந்திருந்தது. இடுப்பில் செருகியிருந்த நூலை எடுத்து ரம்பாயிடம் நீட்டினாள்.

"அக்கா, நீங்களும் ஒண்ணு கட்டுங்க. நம்ம ஊர்க்காரங்க நீங்க. இனிமே அவரு உசுரு உங்க கையிலதான்."

ரம்பாய் அந்த நூலை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். மஞ்சள் படிந்து, வியர்வையில் நனைந்து கிடந்தது.

"இது எந்தச் சேத்துல கிடந்துச்சு? அந்தச் சேறுதான் இவனை இங்க கொண்டு வந்து படுக்க வெச்சிருக்கு. அழுக்கையே கொண்டாந்து அழுக்கு மேல கட்டுறீங்க. தூக்கிப் போடு இதை."

எல்லோருக்கும் கேட்டது. நுவன் நூலை வாங்கித் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டோமோ என்று ரம்பாய்க்கே தோன்றியது. அதனால் இழுப்பறையைத் திறந்து, உறை பிரிக்காத வெள்ளை நாடா ஒன்றை எடுத்தாள். மூச்சுக் குழாயை நோயாளியின் முகத்தோடு சேர்த்துக் கட்டுகிற நாடா, கிருமி நீக்கியது. அதைக் கம்சிங்கின் மணிக்கட்டில் சுற்றி, எத்தனை இழுத்தாலும் நழுவாத தன் முடிச்சைப் போட்டாள். அந்த முடிச்சுக்கு ஆஸ்பத்திரியில் நல்ல பேர் உண்டு. சின்ன வயதில் கேட்ட, குவனை அழைக்கும் வார்த்தைகள் வாயில் தானாக வந்தன. நாற்பது வருஷத்துக்கு முன் கிராமத்துக் கோயில் குளத்தில் தன் மீது தண்ணீர் வாரி இறைத்த வாண்டு இந்தக் கம்சிங் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

எல்லோரும் போனபின் கையைப் பலகையில் வைத்து, அந்த அழுக்கு நூல்கள் வெளியே தெரியாதபடி மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை துணிக்கட்டுப் போட்டாள். ஊசிக்குப் போகும் குழாய் மட்டும் வெளியே. மேலே ஒரு பிளாஸ்திரி ஒட்டித் தேதி போட்டு, பெரிய எழுத்தில் எழுதினாள்: "பிரிக்காதே. ரம்பாய்." மூன்று நாள் கழித்துத் தானே வந்து பிரிப்பதாகக் கனித்தாவிடம் சொன்னாள்.

செவ்வாயும் புதனும் அவள் ஆஸ்பத்திரியில் இல்லை. கிருமித் தடுப்புப் பயிற்சி என்று மாநிலத் தலைநகருக்கு அனுப்பிவிட்டார்கள். நல்ல ஹோட்டல், குளிர்பதன அறை, வேளைக்கொரு கேக். கை கழுவுவது எப்படி என்று ஒருவர் மூன்று மணி நேரம் பேசினார். இடைவேளையில் கழிப்பறை வாசலில் நின்று ரம்பாய் எண்ணினாள். பயிற்சிக்கு வந்த பதினேழு பேர் உள்ளே போனார்கள், கை கழுவியது ஆறு பேர். பேசியவர் அந்த ஆறு பேரில் இல்லை. அந்த மனிதர் மேடையில் கொடுத்த சான்றிதழை வாங்கிக்கொண்டு, அறைக்குப் போய் அதை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள்.

வியாழன் காலை ஏழரைக்கு வார்டில் நுழைந்தபோது பவினியின் முகமே சரியில்லை.

"கேட்கலைக்கா. நேத்து ராத்திரி நூத்திமூணு. அழுத்தம் மறுபடி இறங்குது. மருந்துக்குக் கிருமி அசையலை. வேற மருந்து மாத்தி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம்னு பார்க்கறேன். வண்டி பத்து மணிக்கு வரும்."

"மூணு மணி நேரப் பாதை. இந்த அழுத்தத்தோடவா?"

"தெரியும். வேற வழி?"

ரம்பாய் கம்சிங்கைப் பார்த்தாள். முகம் வீங்கி, உதடு வெளுத்து, உடம்பு முழுக்க நீர் ஏறி, திங்கட்கிழமை பார்த்த ஆள் மாதிரியே இல்லை. வாசலுக்கு வெளியே நுவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வண்டியில் ஏற்றினால் இவன் பாதி வழியில் போய்விடுவான் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

எட்டு மணிக்குக் கனித்தா பழைய பையைக் கழற்றிச் சிவப்புக் கூடையில் போட்டுவிட்டுப் புதுப் பையை மாட்டினாள். கூடையைத் திறந்து பார்ப்பது ரம்பாயின் பழக்கம். எவளாவது ஊசியை அதில் போட்டிருப்பாள், துப்புரவுக்காரியின் விரலில் குத்தும், அதற்காக. ஊசி இல்லை. ஆனால் பை விழுந்த சத்தம் சரியில்லை. காலிப் பை அப்படி விழாது. கையுறை போட்டுக்கொண்டு அதைத் தூக்கினாள். கனத்தது. உள்ளே வெளிர் மஞ்சளாக மருந்து ஆடிக்கொண்டிருந்தது.

ஊசிக் குழலில் உறிஞ்சி அளந்தாள். தொண்ணூறு மில்லி.

"கனித்தா, இது என்ன?"

"பழைய பைக்கா. எட்டு மணி ஆச்சு, மாத்திட்டேன்."

"காலி ஆச்சா?"

"நேரம் ஆச்சுக்கா. பன்னெண்டு மணிக்கொரு பைன்னுதானே சொன்னாங்க."

"நேத்து ராத்திரி கழட்டின பையில எவ்வளவு இருந்துச்சு?"

கனித்தா நகத்தைப் பார்த்தாள். "அதுலயும் கொஞ்சம் இருந்துச்சு. அதுக்கு முந்தினதுலயும். பம்ப் கத்திக்கிட்டே இருக்குக்கா. அடைப்பு அடைப்புன்னு. அமுக்கினா நிக்குது, திரும்ப ஓட விட்டா கொஞ்ச நேரத்துல திரும்பக் கத்துது. பழைய பம்ப்தானே. வேற நரம்பு தேடினேன், உடம்பு வீங்கிக் கிடக்கு, எதுவும் கிடைக்கலை. அப்பப்ப ஓடுது அப்பப்ப நிக்குது. பரவாயில்ல, பாதிக்கு மேல போயிடுதேன்னு..."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"பரவாயில்லன்னு நினைச்சேன்."

ரம்பாய்க்குப் பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு மனுஷன் உயிரை மணிக்கு இருபது மில்லி என்று கணக்குப் போட்டு ஒருத்தி எழுதி வைத்தால், இன்னொருத்தி அதில் மூன்றில் ஒரு பங்கைக் குப்பையில் போட்டுவிட்டு நகத்துக்குச் சாயம் பூசுகிறாள். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தாள். எல்லாக் கட்டத்திலும் சரி என்று குறி. மாட்டிய நேரம் எட்டு, எட்டு, எட்டு. வாய்க்கு வந்தபடி திட்டினாள். கனித்தாவின் அம்மாவை, அவள் படித்த கல்லூரியை, அவளுக்குச் சான்றிதழ் கொடுத்தவனை, யாரையும் விடவில்லை.

பவினி ஓடிவந்தாள். ரம்பாய் பையை அவள் கண்முன் தூக்கிப் பிடித்தாள்.

"மருந்து கேட்கலைன்னு சொல்லாதீங்க டாக்டர். மருந்து போகவே இல்லை. மூணு நாளா அடுப்பை அணைச்சு அணைச்சு வேக வெச்சிருக்காங்க."

"அடைப்பு எங்க? கை ஊசியைப் பார்த்தீங்களா?" என்றாள் பவினி கனித்தாவிடம்.

"கட்டுப் போட்டிருக்கு டாக்டர். அக்காதான் பிரிக்காதேன்னு எழுதி வெச்சிருந்தாங்க." கனித்தாவின் குரல் உடைந்தது. "அக்கா எழுதினதை யார் பிரிப்பா? நீங்களே பிரிக்க மாட்டீங்களே டாக்டர்."

பவினி வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று ஃபோனைத் தேடி ஓடினாள்.

ரம்பாய் பிளாஸ்திரியைக் கிழித்தாள். துணியை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தாள். பிரிக்கப் பிரிக்க விரல்கள் தெரிந்தன. கத்தரிக்காய் நிறம். முப்பது நூல்களும் இருந்தன, நனைந்து, நிறம் மாறி, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு. அவற்றின் அடியில் அவள் விரலை விட்டுப் பார்த்தாள். தாராளமாகப் போயிற்று. ஊர்க்காரர்கள் பஞ்சு நூலைத் தொளதொளவென்றுதான் கட்டியிருந்தார்கள். கை வீங்க வீங்க அவை வழிந்து மேலே ஏறி, நெகிழ்ந்து, இடம் விட்டிருந்தன.

அவற்றுக்குக் கீழே ஒன்று மட்டும் நெகிழவில்லை. மணிக்கட்டின் சதை இரண்டு பக்கமும் பிதுங்கி, நடுவில் ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் வெள்ளையாக அவளுடைய நாடா. நழுவாத முடிச்சு நழுவவில்லை. திங்கள் ராத்திரி உடம்பு வீங்க ஆரம்பித்ததிலிருந்து அது நரம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மருந்தை ஏற விடாமல் காவல் இருந்திருக்கிறது.

கத்தரிக்கோலை உள்ளே விட்டு நாடாவை முதலில் வெட்டினாள். பம்ப் கத்துவதை நிறுத்திவிட்டு அமைதியாக ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தம் கேட்டதும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது, ஆனாலும் அடுத்துச் செய்ததை அவள் யோசித்துச் செய்யவில்லை. வெட்டிய நாடாவைச் சட்டைப் பைக்குள் போட்டாள். பிறகு மற்ற முப்பது நூலையும் வெட்டித் தட்டில் குவித்தாள்.

பவினி திரும்பி வந்து தட்டைப் பார்த்தாள். கையில் இருந்த பள்ளத்தைப் பார்த்தாள்.

"நூலா! இத்தனை நூலா! இதுவாக்கா ஆளைக் கொல்லப் பார்த்தது?"

ரம்பாய் ஒன்றும் சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. அதைப் பிற்பாடு அவள் பெரிய நேர்மை போல நினைத்துப் பார்த்தாள், நினைத்த மாத்திரத்தில் அவளுக்கே துப்ப வேண்டும் போலிருந்தது.

பவினி வலது முழங்கை மடிப்பில் அரைமணி நேரம் தேடித் தானே ஊசி ஏற்றினாள். ஒரு முழு அளவு மறுபடி கொடுத்துவிட்டுப் பம்பை அந்தக் கைக்கு மாற்றினார்கள். அதிலிருந்து ரம்பாய் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு பையையும் கழற்றும்போது பிழிந்து பார்த்தாள். ஒரு சொட்டு மிஞ்சவில்லை. சனிக்கிழமை காய்ச்சல் நூற்றொன்று. திங்கள் அழுத்த மருந்தை நிறுத்தினார்கள். பத்தாம் நாள் மூச்சுக் குழாயை எடுத்தார்கள். ஈரலில் சீழ் கட்டியிருந்தது, இன்னும் மூன்று வாரம் மருந்து ஓட வேண்டும், ஆனால் ஆள் பிழைத்துக்கொண்டான். இடது கையில் மணிக்கட்டைச் சுற்றி ஒரு புண் வளையம். கட்டை விரலிலும் அடுத்த இரண்டு விரல்களிலும் உணர்ச்சி இல்லை. வரலாம், வராமலும் போகலாம் என்றாள் பவினி.

வாசலில் புது அறிவிப்பு ஒட்டினார்கள். நோயாளிக்கு நூல் கட்டக் கூடாது. பவினி எழுதி, ரம்பாயைக் கையெழுத்துப் போடச் சொன்னாள், அவளும் போட்டாள்.

நுவன் தினமும் வந்தாள். உள்ளே வந்தாலும் கட்டிலிலிருந்து ஒரு முழம் தள்ளியே நின்றாள், புருஷன் கையைத் தொடவில்லை. முதல் நாளே ரம்பாயைப் பார்த்துக் கும்பிட்டு, "மன்னிச்சுடுங்கக்கா. எங்க நூல்தான் அவரை இப்படிப் பண்ணிடுச்சு. நீங்க அன்னிக்கே சொன்னீங்க" என்றாள். ரம்பாய் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கழற்றியதையே திரும்பக் கழற்றப் பார்த்தாள்.

அதற்குள் உதோம் ஃபோனில் ஊருக்குச் செய்தி சொல்லிவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் கனித்தா அதைப் போட்டுக் காட்டினாள். "கண்ட கண்ட நூலைக் கட்டாதீங்கன்னு நான் அப்பவே சொன்னேன். பொம்பளைங்க கேட்கலை. வீட்டுக்காரியே வயல்ல இருந்து எடுத்துட்டு வந்து கட்டச் சொல்லி நின்னா யார் என்ன பண்ண முடியும்?" கீழே ஊர்க்காரர்கள் நுவனைப் பற்றி எழுதியிருந்தார்கள். நாத்தனார் எழுதியிருந்தாள், பக்கத்து வீட்டுக்காரி எழுதியிருந்தாள். நூல் கட்டிப் புருஷனைக் கொல்லப் பார்த்தவள் என்று.

"வாயைத் திறந்தா பொய்" என்றாள் கனித்தா. "இவருதான்க்கா முதல்ல கட்டினது. அதுவும் நோட்டோட. பார்க்கவே அருவருப்பா இல்ல?"

ரம்பாயின் வாயில் இருந்த சோறு இறங்கவில்லை. உதோம் வாயால் சொன்ன பொய்யைத்தான் அவள் வாயை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வருஷம் அடுத்தவன் கையை மோந்து பார்த்தவளுக்குத் தன் சட்டைப் பையில் இருப்பது நாறவில்லை. தினமும் சட்டையைக் கொதிக்கும் நீரில் போட்டாள், போடுமுன் நாடாவை எடுத்து வைத்தாள், மறுநாள் திரும்பப் பைக்குள் போட்டாள். தூக்கி எறியவும் முடியவில்லை, காட்டவும் முடியவில்லை. கூடையை மூடிவிட்டு எழுந்து போனாள்.

அன்று சாயங்காலம் பார்வை நேரம். கம்சிங் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உதோம் நாலு பேரோடு வந்து கட்டிலைச் சுற்றி நின்றார், ஃபோன் தயாராக இருந்தது. நுவன் வழக்கம்போல் ஒரு முழம் தள்ளி. பவினி தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரம்பாய் நாடாவை எடுத்துக் கட்டிலின் மேல் போட்டாள்.

"இதுதான் அவன் கையை இறுக்கினது. உங்க நூல் இல்ல. உங்க நூலெல்லாம் தொளதொளன்னு கிடந்துச்சு, என் விரலே உள்ள போச்சு. இது நான் கட்டினது. நான் போட்ட முடிச்சு. மேல கட்டுப் போட்டு யாரும் பிரிக்கக் கூடாதுன்னு எழுதினதும் நான்தான். வெட்டினப்பவே பார்த்தேன். பார்த்துட்டு எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன். ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு." உதோமைப் பார்த்தாள். "ஃபோனை எடுங்க ஐயா. இதை ஊருக்குச் சொல்லுங்க."

உதோம் ஃபோனைத் தாழ்த்தினார். "அட, பரவாயில்ல விடும்மா. நல்லதுக்குத்தானே கட்டினே."

அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததைவிட அவர் ஓங்கி அறைந்திருக்கலாம். பவினி தாளைக் கீழே வைத்தாள். கனித்தா பம்பைத் துடைக்க ஆரம்பித்தாள், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

நுவன் கட்டிலருகே வந்தாள். நாடாவைக் கையில் எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள், முடிச்சு இன்னும் அவிழாமல் அப்படியே இருந்தது.

"சுத்தமாத்தான் இருக்கு அக்கா" என்றாள்.

ரம்பாய் நின்றாள்.

"அன்னிக்கு எங்க நூலை அழுக்குன்னீங்க. அத்தனை பேர் முன்னாடி. நானும் அப்படித்தான் போலன்னு நினைச்சு, இத்தனை நாளா அவரைத் தொடாம நின்னேன்."

அவள் நாடாவைக் கட்டில் மேலேயே விட்டாள். கம்சிங்கின் பக்கத்தில் உட்கார்ந்து, உணர்ச்சியில்லாத அந்த விரல்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தேய்த்துவிட ஆரம்பித்தாள். கை கழுவிவிட்டுத் தொடு என்று யாரும் சொல்லவில்லை. பார்வை நேரம் முடிந்து மணி அடித்தது. உதோமும் மற்றவர்களும் போனார்கள், நுவன் எழவில்லை, அவளை எழச் சொல்ல ரம்பாய்க்கு வாய் வரவில்லை.

கட்டிலின் கால்மாட்டில் அவள் நின்றுகொண்டே இருந்தாள். வாழ்நாள் முழுவதும் கேட்டு முகம் சுளித்த அந்த ஒரு சொல்லை நுவன் இப்போது சொல்லிவிட மாட்டாளா என்று காத்திருந்தாள். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. இரவு எட்டு மணிக்குப் பை காலியாயிற்று, ரம்பாயே அதைக் கழற்றிப் பிழிந்து பார்த்துவிட்டு அடுத்ததை மாட்டினாள். நுவன் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை.